எண் பலகை இல்லாத வண்டி

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா தொற்றைத் தடுக்க நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்திருந்தது. எதெல்லாம் திறந்திருக்கலாம் என்ற பட்டியலை அன்று மத்திய உள்துறை வெளியிட்டது. ரேஷன் கடை, மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மருந்துக்கடை, வங்கி, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க் எல்லாம் அதில் இருந்தன. பஞ்சர் கடை இல்லை.

படிக்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த சில வாரங்களில் இந்த நாட்டின் லட்சக்கணக்கான ஏழைகளுக்கு மிச்சமிருந்த ஒரே வாகனம் சைக்கிள்தான். பேருந்து நின்றுவிட்டது, ரயில் நின்றுவிட்டது, ஷேர் ஆட்டோ இல்லை. இருசக்கர வாகனத்தில் காரணமில்லாமல் வெளியே வந்தால் வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அப்படி லட்சக்கணக்கான வண்டிகள் காவல் நிலைய வாசல்களிலும் மைதானங்களிலும் வரிசை வரிசையாக வெயிலில் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். இ-பாஸுக்கு விண்ணப்பிக்க வண்டி எண் வேண்டும். சைக்கிளுக்கு எண் ஏது?

எண் இல்லாததால் அதற்குப் பாஸ் வாங்கவும் முடியாது. எண் இல்லாததால் அதைத் தடுத்து நிறுத்தத் தெளிவான விதியும் இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் படாத வண்டி அது. ஊரடங்கு நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்ததும், எத்தனையோ பேர் நெடுஞ்சாலையில் யாருமற்று நின்றதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்கூட முடியவில்லை. கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், வயது 65, தன் மனைவியை சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கிளம்பினார். மனைவிக்குப் புற்றுநோய். கீமோதெரபிக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் தவறக்கூடாது. வாடகைக் காருக்குக் கையில் காசு இல்லை, காசு இருந்தாலும் வர ஆள் இல்லை. தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். விடியும் முன்பே கிளம்பியவர்கள் இரவில் போய்ச் சேர்ந்தார்கள்.

சைக்கிளில் டபுள்ஸ் போன அனுபவம் இருப்பவர்களுக்கு இந்த 130 கிலோமீட்டர் என்ன என்று தெரியும். கியர் இல்லாத சாதா சைக்கிளே இருபது கிலோவுக்குக் குறையாது. கேரியரில் ஒருவர் உட்கார்ந்தால் பின்சக்கரம் அமுங்கும், முன்பக்கம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும். பாலத்து மேட்டில் ஏறும்போது சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வேண்டும். பின்னால் நோயாளியை வைத்துக்கொண்டு அப்படி எழவும் முடியாது, இறங்கித் தள்ளித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கும் அது சொகுசான பயணம் இல்லை. கேரியர் கம்பி உறுத்தும், கால் தொங்கித் தொங்கி மரத்துப்போகும். கொளுத்தும் வெயில் வேறு; டீக்கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

ஜிப்மரில் அப்போது புறநோயாளிகள் பிரிவு இயங்கவில்லை. ஆனாலும் அந்த இருவரும் வந்த விதத்தைக் கேள்விப்பட்ட மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்தார்கள், தங்களுக்குள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள், திரும்பும்போது ஆம்புலன்ஸில் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தச் செய்தியை அன்று எல்லா நாளிதழ்களும் கணவனின் அன்பைப் பாராட்டி வெளியிட்டன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஆம்புலன்ஸ் போகும் வழியிலேயே வந்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை அவ்வளவு சத்தமாக யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் பெரிய உதாரணம் மே மாதம் வந்தது. பீகாரின் தர்பங்கா மாவட்டத்தைச் சேர்ந்த 15 வயது ஜோதி குமாரி, விபத்தில் காயம்பட்டு வேலையிழந்திருந்த தன் தந்தையைக் கேரியரில் உட்காரவைத்து, டெல்லியை ஒட்டிய குருகிராமிலிருந்து ஊர்வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். தந்தை இ-ரிக்‌ஷா ஓட்டுபவர். வருமானம் நின்று, வாடகை கொடுக்க வழியில்லாத நிலையில் கிளம்பிய பயணம் அது. இவாங்கா ட்ரம்ப், இது அன்பும் தாங்குசக்தியும் நிறைந்த அழகான சாதனை என்ற பொருளில் ட்வீட் போட்டார். இந்திய சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பு அவளைத் தேர்வுக்கு அழைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சிறுவர்களுக்கான தேசிய விருது கிடைத்தது. 2021 மே இறுதியில் தந்தை மாரடைப்பில் இறந்துபோனார்.

விளையாட்டுத் திறமையைக் காட்டவா அந்தப் பெண் சைக்கிளை எடுத்தாள்? ஒரு ரயில் ஓடியிருந்தால் அந்தச் சாதனைக்குத் தேவையே இருந்திருக்காது. இந்த ஒரு கோபத்தை அன்று பலரும் வெளிப்படுத்தினார்கள். அது இன்றும் நியாயமான கோபம்தான்.

ஏப்ரலிலேயே, மகாராஷ்டிரத்தின் சாங்லியில் வேலை பார்த்த 20 வயது ஒடிசா இளைஞர் ஒருவர் ஜாஜ்பூர் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டரை ஏழே நாளில் கடந்திருந்தார். ஒரு நாளைக்கு 240 கிலோமீட்டர் வரும். சென்னையில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்திருந்த வட மாநிலத்து ஆட்கள், இருந்த காசைப் போட்டு சைக்கிள் வாங்கி, ஜி.என்.டி. சாலையைப் பிடித்து ஆந்திர எல்லையை நோக்கிப் போனார்கள். மே 1-ஆம் தேதிதான் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. அதன் பிறகும் பதிவு செய்து, பெயர் வரும்வரை காத்திருந்து, சாப்பாட்டுக்கும் வழி தேடிக்கொண்டிருக்க முடியாதவர்கள் மிதித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

எல்லாப் பயணமும் ஊரில் போய் முடியவில்லை. மே மாதத் தொடக்கத்தில் லக்னோவில் கூலி வேலை செய்துவந்த ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு சத்தீஸ்கரில் உள்ள சொந்த ஊருக்கு இரவில் கிளம்பினார்கள். லக்னோவைத் தாண்டும் முன்பே ஒரு வாகனம் மோதியது. தாயும் தகப்பனும் இறந்துபோனார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள். சாலை காலியாக இருந்ததே ஆபத்தாகிவிட்டது. போக்குவரத்து இல்லாத சாலையில் லாரியும் காரும் எந்த வேகத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளில் பின்விளக்கு கிடையாது. பலவற்றில் அந்தச் சிவப்புப் பிரதிபலிப்பான்கூட உடைந்து போயிருக்கும்.

டோக்கனும் சைக்கிளும்

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர், யமுனைக்கு இக்கரையில் உள்ள எல்லை மாவட்டம். பஞ்சாப், ஹரியானா, இமாச்சலத்திலிருந்து உ.பி.க்கும் பீகாருக்கும் போகிறவர்களுக்கு அதுதான் வாசல். அந்த வழியாக வந்த தொழிலாளர்கள் ஏறத்தாழ 25,000 பேரை சஹாரன்பூரில் ராதா சுவாமி சத்சங்கத்துக்குச் சொந்தமான வளாகத்தில் தங்கவைத்துத் தனிமைப்படுத்தினார்கள். பிறகு பேருந்திலும் ரயிலிலும் ஊருக்கு அனுப்பினார்கள். சைக்கிளைப் பேருந்தில் ஏற்ற முடியாது. சைக்கிளில் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சைக்கிள்களை அங்கேயே நிறுத்திவைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில் சுமார் 14,600 சைக்கிள்களை உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மீதி 5,400 சைக்கிள்கள் அங்கேயே கிடந்தன. பீகாரின் ஒரு மூலையிலிருந்து சஹாரன்பூருக்கு ரயில் ஏறி வந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பும் செலவில் இன்னொரு பழைய சைக்கிளையே வாங்கிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வரவில்லை. 2022-இல் மாவட்ட நிர்வாகம் அந்த 5,400 சைக்கிள்களையும் ஏலம் விட்டது. போன தொகை சுமார் 21 லட்சம் ரூபாய். ஒரு சைக்கிளுக்கு 400 ரூபாய்கூடத் தேறவில்லை.

ஒருவன் தன் கடைசிச் சேமிப்பில் வாங்கிய பொருள் 400 ரூபாய்க்குப் போனது, பழைய இரும்பு விலை என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. மே மாத வெயிலில் ஒரு மனிதக் கூட்டமே நடந்தும் மிதித்தும் கடந்தது என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சியாக அந்தச் சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் நூறையாவது ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கலாம்.

காற்றடிக்க ஆளில்லை

தமிழ்நாட்டின் தெருக்களுக்கு வருவோம். முதல் ஊரடங்கில் கடை திறக்கும் நேரம் சுருங்கிச் சுருங்கி, ஏப்ரல் 5-ஆம் தேதியிலிருந்து காலை 6 முதல் மதியம் 1 மணி வரை என்றானது. சில மாவட்டங்களில் வண்ண அட்டை கொடுத்து, இந்த நிறம் இந்த நாளில் வெளியே வரலாம் என்றார்கள். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு. மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, அதைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு: வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துபோய்ப் பொருள் வாங்க வேண்டும், வாகனத்தை எடுக்கக்கூடாது. சைக்கிளும் அந்த வாகனத்தில் சேர்த்தியா என்பதைப் பெரும்பாலும் தடுப்புக்கு முன்னால் நின்ற காவலர்தான் முடிவு செய்தார். ஒரு முனையில் விட்டார்கள், அடுத்த முனையில் காற்றைப் பிடுங்கி அனுப்பினார்கள்.

இப்படி மாறி மாறி வந்த விதிகளுக்கு நடுவே, ஊரின் வயிற்றை நிரப்பியவர்களில் பாதிப் பேர் சைக்கிள்காரர்கள். காலையில் பேப்பர் போடுகிறவர், பால் பாக்கெட் கொண்டு வருகிறவர், கீரைக்கட்டுகளை ஈரச்சாக்கு போட்டு மூடி வருகிறவர், கேரியரில் அலுமினிய அன்னக்கூடை கட்டி மீன் கொண்டு வருகிறவர். சந்தை மூடிக் கிடந்ததால் விளைந்ததை விற்க வழி தெரியாமல் தவித்த விவசாயிகளும், வேலை போன பெயின்டரும் கொத்தனாரும்கூட சைக்கிளில் காய்கறி கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பெட்ரோல் செலவு இல்லை, முதல் குறைவு, சந்துக்குள் நுழையலாம். துப்புரவுப் பணியாளர்களும் மருத்துவமனையின் கடைநிலை ஊழியர்களும் வேலைக்கு வர அரசு சில சிறப்புப் பேருந்துகளை விட்டது. பேருந்து போகாத இடங்களிலிருந்து வந்தவர்கள் நடந்தார்கள், அல்லது மிதித்தார்கள்.

பல வீடுகளில் அன்று கைகொடுத்தது பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06-இல் பிளஸ் 1 படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளி மூடிக் கிடந்தது. முன்கூடை வைத்த மகளின் சைக்கிளை அப்பா எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சீட்டு உயரம் சரிவராமல் முழங்கால் மடங்கி, முட்டி ஹேண்டில்பாரில் இடிக்க அவர் மிதித்துப்போகும் காட்சி கிராமத்துச் சாலைகளில் சாதாரணமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக இலவசத் திட்டங்களைக் குறை சொல்லி வந்தவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

சைக்கிள் ஓடினால் பஞ்சரும் ஆகும். கடையோ மூடியிருக்கிறது. அதனால் ஊரடங்கில் தெருவுக்கு ஒருவர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். டயரின் விளிம்பை ஸ்பேனரின் பின்முனையால் நெம்பி டியூபை வெளியே இழுக்க வேண்டும். காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அங்குலம் அங்குலமாக முக்கிப் பார்த்தால், ஓட்டையிலிருந்து குமிழி கிளம்பும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது லேசாக உலரும்வரை பொறுத்து, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். பொறுமை இல்லாமல் ஈரத்திலேயே ஒட்டினால் அரை மைலில் பிய்த்துக்கொள்ளும். வால்வில் மாட்டும் அந்தச் சின்ன ரப்பர் குழாய், வால்டியூப், சில்லறைக் காசுக்குக் கிடைப்பது, அன்று ஊருக்குள் எங்கும் கிடைக்கவில்லை. பிரேக் கட்டை தேய்ந்தவர்கள் செருப்பைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தினார்கள். செயினுக்குக் கிரீஸ் இல்லாமல் தேங்காய் எண்ணெய் விட்டார்கள்.

பிரிட்டன் அதே மார்ச் மாதத்தில் ஊரடங்கை அறிவித்தபோது, திறந்திருக்கலாம் என்ற கடைகளின் பட்டியலில் சைக்கிள் கடையைச் சேர்த்திருந்தது. மருத்துவமனை ஊழியர் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போவதைவிட சைக்கிளில் போவது நல்லது, சைக்கிளில் போக வேண்டுமென்றால் அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்ற எளிய கணக்கு. ஜூலையில் பழைய சைக்கிளைச் சரிசெய்ய 50 பவுண்டு கூப்பனும் கொடுத்தார்கள். பிரான்ஸில் மே மாதம் ஊரடங்கு தளர்ந்ததும் பழுதுபார்க்க 50 யூரோ கிடைத்தது. ஸ்பெயின் நேர்மாறாக நடந்துகொண்டது: அங்கே மார்ச் நடுவிலிருந்து மே 2 வரை உடற்பயிற்சிக்காக சைக்கிளை வெளியே எடுப்பதே குற்றம். பணக்கார நாடுகளைக் காட்டி நம்மைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஒட்டும் சொல்யூஷனும் வைத்த ஒரு மரப்பெட்டியைத் திறக்க அனுமதிப்பதற்குப் பணம் தேவையில்லை, நினைப்பு இருந்தால் போதும்.

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களின் கதை தனி. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ஊரடங்கு தளர்ந்தும் பேருந்து வராத மாதங்களில், காலையில் ஐந்து கிலோமீட்டரும் மாலையில் ஐந்து கிலோமீட்டரும் நடந்தார்கள். வீட்டில் சைக்கிள் இருந்தாலும் அது நடுக்கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள். புடவையோடு ஏற முடியாது, சின்ன வயதில் யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வயல் வேலைக்கும் குவாரி வேலைக்கும் போன பெண்கள் அவர்கள். அந்த இயக்கம் மற்ற மாவட்டங்களுக்கும், முக்கியமாகச் சென்னையின் குடிசைப் பகுதிகளுக்கும், அதே வேகத்தில் பரவியிருந்தால் 2020-இல் எத்தனை பெண்களின் வேலை தப்பியிருக்கும்!

ஷோரூமில் வரிசை

இன்னொரு பக்கம், வேறொரு வகையினரும் சைக்கிளைத் தேடி வந்தார்கள். ஜிம் மூடிவிட்டது, பூங்கா மூடிவிட்டது, கடற்கரைக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் லேப்டாப் முன் உட்கார்ந்து இடுப்பு பிடித்துப்போனவர்கள், மொட்டை மாடியில் நடந்து நடந்து அலுத்தவர்கள், காலை ஐந்தரைக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். காலனித் தெருக்களில் பிள்ளைகள் கூட்டமாகக் குரங்குப் பெடல் போட்டார்கள். கார் வராத தெரு எப்படி இருக்கும் என்பதை நகரத்துப் பிள்ளைகள் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தார்கள்.

வியாபாரம் எகிறியது. அகில இந்திய சைக்கிள் உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2020 மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதங்களில் 41 லட்சத்து 80 ஆயிரம் சைக்கிள்கள் விற்றன. மே மாதம் நாலரை லட்சமாக இருந்தது செப்டம்பரில் 11 லட்சத்தைத் தாண்டியது. கியர் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜப்பான், தைவான், சீனாவிலிருந்து வரவேண்டிய கியரும் பிரேக்கும் உலகம் முழுக்கவே தட்டுப்பாடாகிவிட்டிருந்தன. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தமிழர்களின் வீட்டுப் பெயர்களாக்கிய டி.ஐ. சைக்கிள்ஸும் அந்தத் தேவையின் அலையில் இருந்தது.

அதே ஆண்டில்தான் அட்லஸ் கதையும் நடந்தது. 1951-இல் ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய நிறுவனம், நாட்டின் பழம்பெரும் சைக்கிள் பெயர்களில் ஒன்று. டெல்லியை அடுத்த சாஹிபாபாதில் இருந்த தொழிற்சாலை ஊரடங்குக்குப் பிறகு திறந்திருந்தது; ஜூன் 3-ஆம் தேதி காலையில் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத் திரும்பினார்கள். மூலப்பொருள் வாங்கவும் பணம் இல்லை, ஆலை ஓடாது. ஜூன் 3 உலக சைக்கிள் தினம். தேவை அதிகமானால் தொழிலாளிக்கு வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை அந்த வாசலில் உடைந்தது. நிறுவனத்தின் நிதி நெருக்கடி பல ஆண்டுப் பழசு, ஊரடங்கு அதன் மீது விழுந்த கடைசி அடி.

புதிதாக சைக்கிள் வாங்கியவர்களையும் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்தவர்களையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. இருவருக்கும் ஒரே சாலைதான். ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிளில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும் மென்பொருள் ஊழியரும், அதே சாலையில் மீன் கூடையோடு வரும் கோவளத்துக்காரரும் ஒரே பேருந்தின் ஹாரனுக்கு ஒதுங்குகிறார்கள். ஆனால் ஒருவர் ஒதுங்குவது செய்தியாகிறது, இன்னொருவர் ஒதுங்குவது ஐம்பது வருடமாக நடப்பது.

சாலை யாருக்கு

சாலை காலியாக இருந்த அந்தச் சில மாதங்களில் உலகின் சில நகரங்கள் சட்டென்று வேலையைத் தொடங்கின. கொலம்பியாவின் போகோட்டா, மார்ச் மாதமே கூம்புகளை வைத்துக் கார் பாதைகளைப் பிரித்து சைக்கிளுக்குக் கொடுத்தது. பாரிஸ் மே மாதத்தில் மஞ்சள் கோடு போட்டு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தற்காலிகப் பாதைகளை அமைத்தது. நகரின் நடுவே உள்ள ரிவோலி சாலையில் தனியார் கார்களை நிறுத்தியது. தற்காலிகம் என்று போட்டவை பிறகு நிரந்தரமாயின.

இந்தியாவும் முயன்றது. 2020 ஜூன் 25-ஆம் தேதி மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ், நகரங்கள் சைக்கிளுக்குப் பாதை ஒதுக்க ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பதிவு செய்தன. பெங்களூரு தன் வெளிவட்டச் சாலையில், சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை கம்பங்கள் நட்டு சைக்கிள் தடம் பிரித்தது. அதற்குள் பைக்குகள் நுழைந்தன; கம்பங்கள் உடைந்தன; மெட்ரோ வேலை வந்ததும் தடமே காணாமல் போனது. போட்டியின் முடிவில் விருது பெற்ற 11 நகரங்களில் புவனேஸ்வர், சூரத், நாக்பூர், கோஹிமா எல்லாம் இருந்தன. தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை.

இது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் சென்னைக்கு இந்த யோசனை புதிதல்ல. 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்தை இவர்களுக்கே ஒதுக்குவது, 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை அமைப்பது, சாலையில் இவர்களில் ஒருவர்கூட இறக்காத நிலையை எட்டுவது என்று அதில் இலக்கு வைத்திருந்தார்கள். நாட்டுக்கே முன்னோடியான ஆவணம். அதன்படி சில சாலைகளில் அகலமான நடைபாதைகள் வந்தன, பாண்டி பஜாரும் மாறியது. சைக்கிளுக்கான பங்கு மட்டும் ஏட்டோடு நின்றது.

1970-இல் சென்னையில் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில். 2008-இல் அது நூற்றுக்கு ஆறாகக் குறைந்துவிட்டது. மக்களுக்கு சைக்கிள் பிடிக்காமல் போய்விட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். சாலையில் இறங்கினால் உயிரோடு திரும்ப வேண்டுமே என்ற பயமும், வசதி வந்ததும் முதல் வேலையாக ஒரு பைக் வாங்கும் ஆசையும் சேர்ந்ததுதான் உண்மைக் காரணம். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த சைக்கிள் ஓட்டிகள் மட்டும் 4,800-க்கும் அதிகம். நடந்துபோய் இறந்தவர்கள் 32 ஆயிரத்துக்கும் மேல். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது.

2020 செப்டம்பர் 1-ஆம் தேதி மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின, ஏழாம் தேதி மாவட்டங்களுக்கு இடையிலும். இ-பாஸ் ஒழிந்தது. சாலை பழையபடி நிறைந்தது. தொற்று பயத்தில் பேருந்தைத் தவிர்த்தவர்களில் பலர் கடன் வாங்கியாவது பழைய பைக்கோ ஸ்கூட்டியோ வாங்கினார்கள். சைக்கிளிலேயே தொடரும் துணிச்சல் சிலருக்குத்தான் இருந்தது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது காட்சிகள் பெரிதும் மாறவில்லை. அந்த ஊரடங்கு தளர்ந்ததும், ஜூலையில், முதல்வர் மு.க. ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை சைக்கிள் ஓட்டினார். அவருக்கு சைக்கிள் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதிப்பவர். சைக்கிளின் அருமை தெரிந்தவர்களே மாநிலத்தின் உயர் பொறுப்புகளில் இருந்த காலம் அது. அவர்களிடம் எதிர்பார்த்தது அதனால்தான் கூடுதல்.

எதிர்பார்ப்பு பெரியதும் அல்ல. தமிழ்நாடு அரசு ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான பிளஸ் 1 மாணவர்களுக்கு சைக்கிள் கொடுக்கிறது. இந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு, எந்த ஊரிலிருந்து போகிறார்கள் என்பது கல்வித்துறையின் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்தச் சாலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு கிலோமீட்டருக்குச் சாலையோரம் மண் சரியாமல் தார் போட்டு, ஒரு கோடு இழுத்து, காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் லாரிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். சைக்கிள் கொடுக்கும் துறையும் சாலை போடும் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பேரிடர் காலத்தில் எந்தக் கடை திறந்திருக்கலாம் என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகங்கள் இப்போது கோப்பில் வைத்திருக்கின்றன. வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் எடுத்துப் பார்க்கும் கோப்பு அது. பெட்ரோல் பங்குக்கு அடுத்த வரியில் சைக்கிள் கடையையும் பஞ்சர் கடையையும் சேர்க்க ஓர் அரசாணை போதும். இ-பாஸ் போன்ற ஓர் ஏற்பாடு மறுபடி வந்தால், வண்டி எண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் என்று ஒரு கட்டம் வைக்க வேண்டும். அதில் ஒருவர் டிக் செய்து, கூட ஒரு நோயாளி வருகிறார் என்று எழுதினால், அந்த விண்ணப்பம் நேராக 108-க்குப் போக வேண்டும்.